கொடிக்கம்பத்தைச் சுற்றிய துறைத்தலைவர்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில், சிமெண்ட் லாரிகள் கிளப்பும் தூசி மக்காச்சோளத் தோகையையும் மனிதர் முகத்தையும் ஒரே நிறமாக்கிவிடுகிற இடத்தில், கல்குவாரி நடத்திய துரைமாணிக்கம் என்பவர் கல் தீர்ந்துபோன பிறகு குழியைச் சுற்றி மிச்சமிருந்த நிலத்தை என்ன செய்வதென்று தெரியாமல் தன் தாயார் பெயரில் ஒரு பொறியியல் கல்லூரியைக் கட்டினார் என்பதும், அந்த வஞ்சியம்மாள் பொறியியல் கல்லூரியின் கணினித் துறைத்தலைவர் முனைவர் சபாநாயகம் ஓர் அக்டோபர் மாதப் புதன்கிழமை இரண்டாவது பீரியடில் நடக்கத் தொடங்கி இருபத்தேழு நாள் நிற்காமல் நடந்தார் என்பதும் அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அவர் ஏன் நடந்தார் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. அது முதலாமாண்டு படித்த யாழரசிக்குத் தெரியும், ஆனால் அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை.

அங்கே புரோகிராமிங் கற்றுக்கொடுத்த முறையை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதைவிடப் பெரிய அதிசயம் இந்தக் கதையில் வேறு இல்லை. முதல் மாடியில் ஏசி போட்ட லேப் ஒன்று இருந்தது, அதில் நாற்பது கம்ப்யூட்டர்கள் பச்சைத் துணி உறைக்குள் இருந்தன, மாணவர்கள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போய் ஆளுக்கொரு உறையின் முன்னால் பவ்யமாக உட்கார்ந்து, போன வருடத்து அண்ணன் அக்காக்களின் ரெக்கார்டு நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு தங்கள் ரெக்கார்டில் பார்த்து எழுதினார்கள். வலது பக்கம் கோடு போட்ட தாளில் நீல மையால் புரோகிராம், இடது பக்கம் வெள்ளைத் தாளில் பென்சிலால் அந்தப் புரோகிராம் ஓடினால் வருகிற விடை. ஓட்டிப் பார்க்காமல் விடை எப்படி வரும் என்று கேட்கிற அறிவாளி யாராவது இருந்தால் அவருக்குப் பதில், விடையும் போன வருட நோட்டிலேயே இருந்தது. ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைப்பதற்காக மட்டும் உறைகளைக் கழற்றினார்கள். எழுதி முடித்த பக்கத்தில் உதவிப் பேராசிரியை ஜெசிந்தா ‘சரிபார்க்கப்பட்டது’ என்று ஒரு வட்ட முத்திரையைக் குத்துவார், அதன் பக்கத்தில் துறைத்தலைவர் கையெழுத்துப் போடுவார், அத்துடன் அந்த மாணவனுக்கு அந்தப் புரோகிராம் தெரிந்துவிட்டதாகக் கணக்கு. நோட்டில் அடித்தல் திருத்தல் இருந்தால் மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், முழு நோட்டையும் மறுபடி முதலிலிருந்து எழுதச் சொல்வார்கள்.

யாழரசி சிமெண்ட் லாரி ஓட்டுகிறவரின் மகள். அவள் படித்த பள்ளியில் இருந்த ஒரே கம்ப்யூட்டரைத் தலைமையாசிரியர் தன் அறையில் பீரோவுக்குப் பக்கத்தில் பூட்டி வைத்திருந்தார், அதை மூன்று வருடம் ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்து, அதற்குள் என்னதான் நடக்கிறது என்று தெரிந்துகொண்டே ஆக வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக இந்தத் துறையில் சேர்ந்தவள், சேர்ந்த முதல் வாரத்திலேயே இங்கும் தான் ஜன்னலுக்கு வெளியில்தான் நிற்கிறோம் என்று கண்டுகொண்டு, அன்றிலிருந்து அந்தக் கல்லூரியில் உள்ள எல்லாரையும் மனதுக்குள் காறித் துப்பிக்கொண்டு திரிந்தாள். துப்பினாளே தவிர அவளும் ஒன்றும் பெரிதாகக் கிழித்துவிடவில்லை. போன வருடத்து நோட்டை வாங்கிவந்து விடுதியில் டிவி பார்த்துக்கொண்டே முதல் பத்துப் புரோகிராமையும் ஒரே மூச்சில் பார்த்தெழுதியவள்தான். நவம்பர் பன்னிரண்டாம் தேதிக்குள் அந்த நோட்டின் முதல் பக்கத்தில் துறைத்தலைவர் கையெழுத்து விழாவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது, ஹால் டிக்கெட் இல்லாவிட்டால் அடுத்த வருடம் புதிதாக வரும் பிள்ளைகளோடு உட்கார்ந்து இதே உறையைப் பார்த்துக்கொண்டு இன்னொரு வருடம் எழுத வேண்டும்.

அந்தப் புதன்கிழமை சாலையோர விளம்பரப் பலகைக்கு ஒரு படம் தேவைப்பட்டது. துறைத்தலைவர் கம்ப்யூட்டர் திரையைச் சுட்டிக்காட்ட, ஒரு மாணவி அதை ஆர்வத்தோடு பார்ப்பது போலப் படம். ஒரு உறையைக் கழற்றினார்கள், முன்வரிசையில் இருந்த பாவத்துக்கு யாழரசியை உட்கார வைத்தார்கள், சபாநாயகம் தலையைச் சீவிக்கொண்டு வந்து விரலை நீட்டிக்கொண்டு நின்றார்.

“சார், ஸ்கிரீன் காலியா இருக்கு. ஏதாவது ஓடுனா நல்லாருக்கும்,” என்றான் போட்டோ எடுக்க வந்தவன்.

“ஏம்மா, ரெக்கார்டுல முதல் புரோகிராம் என்னமோ இருக்குமே, அதை அடி,” என்றார் சபாநாயகம்.

முதல் புரோகிராம் ஒன்றிலிருந்து பத்து வரை எண்களை அச்சிடுவது. யாழரசி தன் நோட்டைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள், அரைமணி நேரம் ஆனது, அவ்வளவு நேரமும் அவர் விரலை மடக்கவில்லை. அடித்து முடித்ததும் அதை ஓடவைக்க எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று ஜெசிந்தா மேடத்தைப் பார்த்தாள், மேடம் துறைத்தலைவரைப் பார்த்தார், துறைத்தலைவர் ஏசியைப் பார்த்தார், கடைசியில் போட்டோக்காரன் வந்து அழுத்தினான். திரையில் ஒன்று என்று வந்தது. அடுத்தும் ஒன்று, அதற்கடுத்தும் ஒன்று, வரி வரியாக ஒன்றுகள் கீழிருந்து மேலே ஏறிக்கொண்டே போக, போட்டோக்காரன் நாலு படம் எடுத்துக்கொண்டு அருமை சார் என்றான். சபாநாயகம் விரலை மடக்கினார், திரும்பினார், வாசலில் கிடந்த செருப்பைக்கூட மாட்டாமல் படியிறங்கிப் போய் முன்வாசல் கொடிக்கம்பத்தை வலமாகச் சுற்ற ஆரம்பித்தார். முதல் சுற்று முடிந்ததும் ‘ஒண்ணு’ என்றார். இரண்டாவது சுற்று முடிந்ததும் ‘ஒண்ணு’ என்றார். மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்போதும் ஒன்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

லேப்பில் மெயின் சுவிட்சை அணைத்தார்கள், திரை இருண்டது, அவர் நிற்கவில்லை. இரண்டு அட்டெண்டர்கள் அவரைத் தோளைப் பிடித்து நிறுத்தினார்கள், பிடித்த இடத்திலேயே கால்கள் நடந்துகொண்டிருந்தது பார்க்க அசிங்கமாக இருந்ததால் விட்டுவிட்டார்கள். முதல்வர் வந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, உடம்புக்கு நல்லதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வாக்கியத்தோடு கல்லூரி அதிசயத்தை ஏற்றுக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கத் தொடங்கியது.

ஒரு துறையின் தலைவர் நாள் முழுக்க ஒரு கம்பத்தைச் சுற்றிக்கொண்டிருந்தால் அந்தத் துறையில் எந்த வேலை நிற்கும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள், ஒரு வேலையும் நிற்கவில்லை என்பதுதான் அங்கே எல்லாரையும் கொஞ்சம் சங்கடப்படுத்திய விஷயம். அவர் வகுப்பெடுத்து ஆறு வருடமாகியிருந்ததால் வகுப்புகள் நிற்கவில்லை. வருகைப் பதிவுக்கு விரல் வைக்கிற இயந்திரத்தை அலுவலகச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டுவந்து கொடிக்கம்பத்துக்கு எதிரே ஒரு தூணில் மாட்டினார்கள், அவர் போகிற போக்கில் விரலை வைத்துவிட்டுப் போனார், அந்த மாதம் கல்லூரியிலேயே அவருடைய வருகைதான் அதிகம். ரெக்கார்டு நோட்டுகளோடு பிள்ளைகள் கிழக்குப் பக்கம் வரிசையில் நின்றார்கள், பேனாவைத் திறந்து கையில் கொடுக்க ஓர் அட்டெண்டர், நோட்டைப் பிரித்து நீட்ட ஓர் ஆள், நாலு எட்டு வைப்பதற்குள் ஒரு கையெழுத்து. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவர் பார்க்கவில்லை, நாற்காலியில் உட்கார்ந்திருந்த காலத்திலும் பார்த்ததில்லை. துறைக்கூட்டத்துக்கு ஆசிரியர்கள் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவர் தங்களைக் கடக்கும்போது தங்கள் தங்கள் விஷயத்தைப் படித்தார்கள், அவர் அடுத்தவரைக் கடந்துகொண்டே ‘பாக்கலாம்’ என்றார். எல்லாக் கூட்டத்திலும் அவர் சொல்கிற பதில் அதுதான் என்பதால் ஒருவரும் குறைப்படவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டபோது சமூக சேவை வகுப்புப் பிள்ளைகள் முறைபோட்டுக் குடை பிடித்துக்கொண்டு அவரோடு சுற்றினார்கள். மழை நீடிக்கவே கரஸ்பாண்டென்ட் துரைமாணிக்கம் அவர் நடக்கிற வட்டத்துக்கு மேலே தகரக் கூரை போட்டு, கீழே வழுக்காத டைல்ஸும் பதித்துக் கொடுத்தார். பஸ் கண்டக்டர்கள் கல்லூரிப் பெயரை விட்டுவிட்டு ‘சுத்துற சார் ஸ்டாப்பிங்’ என்று கூப்பிடத் தொடங்கினார்கள். பக்கத்துக் கிராமங்களிலிருந்து தாய்மார்கள் பள்ளிக்கூடம் போக அடம்பிடிக்கிற பிள்ளைகளைக் கூட்டிவந்து அவருக்குப் பின்னால் மூன்று சுற்று சுற்றவைத்து நெற்றியில் விபூதி பூசிக் கூட்டிப்போனார்கள், கூட்டம் மிஞ்சிப்போனதும் கரஸ்பாண்டென்ட் கயிறு கட்டி, துறைத்தலைவரைத் தவிர யாரும் டைல்ஸை மிதிக்கக் கூடாது என்று போர்டு வைத்தார். இயந்திரவியல் துறைத்தலைவருக்குத் தன் துறையில் இப்படி ஒன்றும் நடக்கவில்லையே என்று பொறாமை தாங்கவில்லை. கட்டுமானத் துறைத்தலைவர் தான் ஆடாமல் அசையாமல் நிற்பதாகச் சொல்லி இரண்டு நாள் வராந்தாவில் நின்று பார்த்தார், அவர் வழக்கமாக அப்படித்தான் நிற்பார் என்பதால் யாரும் கண்டுகொள்ளவில்லை.

அவர் மனைவி கோமதி மட்டும் கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவாள், தினமும் பஸ் பிடித்து வந்து டிபன் கேரியரைத் திறந்து கூடவே நடந்து ஊட்டிவிடுவாள். தீபாவளியன்று காலையில் கிண்ணத்தில் நல்லெண்ணெய் கொண்டுவந்து நடக்கிறவர் உச்சியில் வைத்துத் தேய்த்துவிட்டாள். கூட நடக்கும்போது, கல்யாணமாகி இருபது வருடத்தில் இந்த மனிதர் தன்னோடு இவ்வளவு தூரம் நடந்ததில்லை என்று சொல்லிச் சிரித்தாள், பிறகு அவர் பாதத்தைப் பார்த்துவிட்டு அழுதாள். பாதம் வெடித்து, டைல்ஸில் ஒரு வட்டம் முழுக்கப் பழுப்பாகக் கறை படிந்திருந்தது, அதைத் தினமும் காலையில் பினாயில் போட்டுத் துடைத்தார்கள்.

யாழரசி இதையெல்லாம் வகுப்பு ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. நன்றாக நடக்கட்டும் என்று நினைத்தாள். ஆனால் அந்த ஒன்று அவளை விடவில்லை. ஒருநாள் மதியம் நோட்டை எடுத்து முதல் புரோகிராமின் முதல் வரியில் விரலை வைத்தாள், கம்ப்யூட்டர் செய்வதை விரல் செய்தால் என்ன என்று தோன்றியது. எண் இப்போது ஒன்று. எண் பத்தைத் தாண்டவில்லை என்றால் அச்சிடு, அச்சிட்டாள். முடிந்ததும் மேலே போ, போனாள். எண் இப்போது என்ன? ஒன்று. தாண்டவில்லை, அச்சிடு, மேலே போ. எட்டாவது முறை விரல் மேலே போனபோது அவள் அதை அப்படியே நிறுத்தினாள், ஏனென்றால் அந்த எண்ணை இரண்டாக்கச் சொல்லி எந்த வரியும் அந்தப் பக்கத்தில் இல்லை, சாகும்வரை விரலை ஓட்டினாலும் அது ஒன்றாகவே இருக்கும். வெளியே சபாநாயகம் ‘ஒண்ணு’ என்றார். கல்லூரியில் சேர்ந்து அவள் கற்றுக்கொண்ட முதல் விஷயம் அதுதான், அதுவும் அவளாகக் கற்றுக்கொண்டது.

போன வருட நோட்டிலும் அந்த வரி இல்லை, அதற்கு முந்தைய வருட நோட்டிலும் இல்லை. ஸ்டோர் ரூமில் பழைய நோட்டுகளை எடைக்குப் போடக் கட்டி வைத்திருந்தார்கள், மூக்கைப் பொத்திக்கொண்டு ஒவ்வொரு கட்டாக அவிழ்த்து ஒன்பது வருடம் பின்னால் போனபோது அடியில் கிடந்த ஒரு நோட்டில் அது இருந்தது. ‘ஒன்றைக் கூட்டு’ என்று சொல்கிற அந்த ஒரு வரியின் மேல் வட்ட முத்திரை நச்சென்று விழுந்திருந்தது, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால்தான் ஊதா மைக்கு அடியில் எழுத்துத் தெரிந்தது. அதைப் பார்த்து எழுதிய அடுத்த வருடத்துப் பிள்ளைக்கு எழுத்துத் தெரியவில்லை, தெரியாததை விட்டுவிட்டு எழுதியிருக்கிறது, அதற்கும் சரிபார்க்கப்பட்டது என்று முத்திரை விழுந்திருக்கிறது, அன்றிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அந்த வரி இல்லாத புரோகிராமை எழுதி, இடது பக்கத்தில் ஒன்றிலிருந்து பத்து வரை பென்சிலால் அழகாக விடை போட்டுக் கையெழுத்து வாங்கி, பட்டமும் வாங்கிப் போயிருக்கிறார்கள்.

அவள் கொடிக்கம்பத்துக்கு எதிரே படிக்கட்டில் உட்கார்ந்து தன் நோட்டில் அந்த வரியைப் பென்சிலால் லேசாக எழுதிப் பார்த்தாள். சுற்றி வந்துகொண்டிருந்த சபாநாயகம் தடுமாறினார். ‘ஒண்ணு’ என்று சொல்ல எடுத்த வாய் கோணி ‘ரெ...’ என்று ஏதோ சொல்ல முயன்று சிக்கி, பழையபடி ஒண்ணுக்கே திரும்பியது. கம்ப்யூட்டர் அவரை நடத்தவில்லை, அவர் கையெழுத்துப் போட்ட பக்கம்தான் நடத்துகிறது, பென்சில் எழுத்துக்கு அங்கே மதிப்பில்லை என்று அவளுக்குப் புரிந்தது. நோட்டைத் தூக்கிக்கொண்டு ஜெசிந்தா மேடத்திடம் ஓடினாள்.

மேடம் எல்லாவற்றையும் கேட்டார். மேடத்துக்குப் புரிந்தது என்பது முகத்தில் தெரிந்தது, புரிந்ததனால்தான் பயந்தார். “இங்க பாரு யாழரசி, இங்க்ல நீ ஒரு வரி சேத்தா அது திருத்தல். திருத்தலுக்குப் பக்கத்துல எச்.ஓ.டி. கையெழுத்து வேணும். அவர் போட மாட்டேன்னுட்டா நோட்டு ரிஜெக்ட். பன்னெண்டாம் தேதிக்குள்ள நூத்தி இருபது பக்கம் மறுபடி எழுதிடுவியா?”

“அவரு நடந்துக்கிட்டே இருக்காரே மேடம்.”

“நல்லாத்தானேடி இருக்காரு. கூரை போட்டிருக்காங்க, சாப்பாடு வருது. உனக்கெதுக்கு வம்பு?”

யாழரசி இங்க் பேனாவால் அந்த வரியை எழுதினாள். தைரியம் என்று சொல்ல முடியாது, கோபம். இத்தனை பேருக்கு நடுவில் தனக்கு மட்டும் ஒரு விஷயம் தெரியும் என்ற கொழுப்பும் அதில் சேர்ந்திருந்தது. எழுதிக் கிழக்குப் பக்க வரிசையில் நின்றாள். ஒரு சுற்றுக்கு ஒரு நிமிடம், அவர் கடக்கும்போது ஒரு வாக்கியம்தான் பேச முடியும்.

“சார், முதல் புரோகிராம்ல ஒரு வரி விட்டுப்போச்சு, அதனாலதான் நீங்க நடக்குறீங்க,” என்றாள் முதல் சுற்றில்.

“எந்த நோட்டுல?” என்றார் அடுத்த சுற்றில்.

“எல்லா நோட்டுலயும் சார், ஒம்பது வருஷமா.”

திரும்பி வந்தபோது முகம் கறுத்திருந்தது. “ஒம்பது வருஷமா என் கையெழுத்து இருக்கும்மா அதுல.”

“திருத்தி எழுதியிருக்கேன் சார், பக்கத்துல ஒரு கையெழுத்துப் போட்டா நின்னுடுவீங்க.”

“போட்டா மத்ததெல்லாம் தப்புன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும்,” என்றார், அடுத்த சுற்றில் அவளைப் பார்க்காமலே, “ரெக்கார்டுல இருக்கறதுதான் சரி, போயிடு,” என்று சொல்லிவிட்டுப் போனார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் யாழரசியைத் தள்ளிவிட்டு நோட்டை நீட்டினார்கள்.

தன் தப்பை ஒப்புக்கொள்வதைவிடக் கால் தேய்ந்து போவது மேல் என்று நினைக்கிற ஒரு ஆளுக்காகத் தன் நோட்டைக் கெடுத்துக்கொண்டோமே என்று அவள் அன்றைக்குச் சாப்பிடவில்லை. வகுப்பில் அவளோடு ஒருவரும் பேசவில்லை, அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் தங்கள் நோட்டிலும் திருத்தல் ஒட்டிக்கொள்ளும் என்பது போல நகர்ந்து உட்கார்ந்தார்கள். தீபாவளி போயிற்று, நவம்பர் பிறந்தது, அவள் தினமும் மதியம் கயிற்றோரம் போய் நோட்டோடு நின்றாள், அவர் தினமும் தலையைத் திருப்பிக்கொண்டு நடந்தார். பதினோராம் தேதி திங்கட்கிழமை, மறுநாள் கடைசி நாள் என்கிற நிலையில், கோமதி சாப்பாட்டை ஊட்டிவிட்டுக் கேரியரை மூடிக்கொண்டிருந்தபோது, சபாநாயகம் யாழரசியைக் கடக்கையில் மெல்ல, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்.

“அந்த வரி எங்க வரணும்?”

யாழரசிக்குத் தூக்கிவாரிப்போட்டது. “அடைப்புக்குறிக்குள்ள சார், அச்சிடுற வரிக்கு அடுத்து,” என்றாள்.

“வெளிய போட்டா?” என்றார் அடுத்த சுற்றில்.

“வெளிய போட்டா அது வரைக்கும் வரவே வராது சார், உள்ளயேதான் சுத்திக்கிட்டு இருக்கும்.”

அவர் ஒரு சுற்று முழுக்க யோசித்துக்கொண்டு போனார். வந்தபோது, “பத்துக்கு மேல போனா அதுவா நின்னுடுமா, நாம நிறுத்தணுமா?” என்று கேட்டார், இருபது வருடம் அந்தத் துறையில் இருந்த ஒருவர் அதைக் கேட்டார். யாழரசிக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார் என்பது குரலில் தெரிந்தது, அந்தக் கல்லூரியில் ஒருவர் ஒரு விஷயத்தை விரும்பிக் கேட்டு அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை, அவள் மனம் இளகிப்போயிற்று. “ஒவ்வொரு தடவையும் மேல போய் பத்தைத் தாண்டியாச்சான்னு அதுவே பாக்கும் சார், தாண்டியிருந்தா வெளிய வந்துடும்,” என்றாள். தன் விரலை நோட்டில் ஓட்டிக்காட்டினாள். அவர் அடுத்த சுற்றில் தலையை ஆட்டினார், அதற்கடுத்த சுற்றில் கையை நீட்டினார், அட்டெண்டர் பேனாவைக் கொடுக்க, திருத்தலுக்குப் பக்கத்தில் தன் பெயரை முழுதாக எழுதித் தேதியும் போட்டார்.

வட்டத்தின் முனைக்கு வந்ததும் ‘ஒண்ணு’ என்றார். அடுத்த சுற்றில் ‘ரெண்டு’ என்றார். கோமதி கையிலிருந்த கேரியர் கீழே விழுந்தது. மூன்று என்றபோது வகுப்பு ஜன்னல்களில் தலைகள் முளைத்தன, ஐந்து என்றபோது எல்லாரும் படியிறங்கி வந்துவிட்டார்கள், ஏழில் முதல்வர் வந்தார், எட்டில் கரஸ்பாண்டென்ட்டுக்கு யாரோ போன் செய்தார்கள், ஒன்பதில் அழுதுகொண்டே நடந்தார், பத்து என்று சொல்லிவிட்டு முனைவர் சபாநாயகம் நின்றார். நின்ற இடத்திலேயே சரிந்து கொடிமேடையில் உட்கார்ந்தார். ஒருவரும் கைதட்டவில்லை, இனிமேல் என்ன செய்வது என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

துரைமாணிக்கம் கார் கதவைச் சாத்தாமலே இறங்கி வந்தார். “யாரு சார் உங்கள நிக்கச் சொன்னது?”

“தானா நின்னுடுச்சுங்கய்யா.”

“நாளைக்குப் பத்து மணிக்கு அங்கீகாரக் கமிட்டி வருது, உங்களப் பாக்கணும்னுதான் வர்றாங்க. தொடர்ந்து நடக்குற ஆராய்ச்சின்னு எழுதிக் குடுத்திருக்கேன். கூரை போட்டிருக்கேன், டைல்ஸ் போட்டிருக்கேன், நீங்க பாட்டுக்கு உக்காந்துக்கிட்டீங்க.”

“கால் முடியலைங்கய்யா.”

“இருவத்தேழு நாள் முடிஞ்ச காலுதான.”

கோமதி குனிந்து கணவர் பாதத்தைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள். “வாங்க, வீட்டுக்குப் போயிடலாம்,” என்றாள். அவர் அவளைப் பார்த்தார், கரஸ்பாண்டென்ட்டைப் பார்த்தார், பிறகு கொடிமேடையில் கையூன்றி எழுந்து டைல்ஸில் கால் வைத்து நடக்கத் தொடங்கினார். கால்கள் தாமாகப் போகவில்லை, ஒவ்வொரு எட்டையும் அவர்தான் எடுத்து வைத்தார், நன்றாகவே தெரிந்தது. கோமதி கேரியரை அடுக்கி எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனாள், ஒருதடவையும் திரும்பிப் பார்க்கவில்லை. மற்றவர்கள் பெருமூச்சு விட்டுவிட்டு அவரவர் வகுப்புக்குப் போனார்கள், அட்டெண்டர் மறுபடி பேனாவைத் திறந்துகொண்டு கிழக்குப் பக்கம் நின்றான்.

யாழரசிக்கு இன்னும் முதல் பக்கத்துக் கையெழுத்து பாக்கி இருந்தது. வரிசையில் நின்றாள், தன்னையும் சேர்த்து எல்லார் மேலும் அருவருப்பாக இருந்தது, ஆனாலும் நின்றாள். அவர் வந்தார், நோட்டைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார், ஹால் டிக்கெட் உறுதியாயிற்று. அவள் நகரவில்லை. அடுத்த சுற்றுக்கு அவர் வந்தபோது சொன்னாள்.

“சார், இப்ப உங்கள எதுவும் நடத்தல. நீங்க நிக்கலாம்.”

“தெரியும்மா,” என்றார் கடந்துகொண்டே.

அவள் இன்னும் ஒரு சுற்று காத்திருந்தாள். அவர் அவளருகே வந்ததும் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, முகத்தை நேராக அவள் பக்கம் திருப்பி, எந்தக் கூச்சமும் இல்லாமல் கேட்டார்.

“நின்னுட்டு என்னம்மா பண்ணச் சொல்ற? கிளாஸ் எடுக்கவா?”